சின்னம்மாவுக்குத் துணையாகப் போனது

சின்னம்மாவுக்குக் கல்யாணமான வருஷம் நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் கழிந்து இரண்டாவது வாரம் கோயிலில் தாலி கட்டினார்கள். மறுநாள் வல்லத்திலிருந்து செஞ்சிக்குப் பெண்ணை அனுப்பும்போது என்னையும் கூட அனுப்பினார்கள். புதுப்பெண்ணுக்குப் புகுந்த வீடு பழகும்வரை பிறந்த வீட்டுச் சிறுமி ஒருத்தி துணைக்குப் போய் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூடம் திறக்க ஏழு வாரம் இருந்தது. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் பேச்சுத் துணைக்கு ஆச்சு என்று சந்தோஷப்பட்டார்கள். நான் பேச்சுத் துணைக்குப் போகவில்லை என்பது எங்கள் வீட்டில் நாலு பேருக்குத்தான் தெரியும். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி என்பதில் எனக்கு அப்போது மிகுந்த பெருமை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு பல்பொடி டப்பாவைக் கையில் கொடுத்தாள். உள்ளே பல்பொடி இல்லை. பட்டாணி அளவில் பழுப்பு நிற மாத்திரைகள் இருந்தன. தினமும் விளக்கு வைத்ததும், செபமாலை தொடங்குவதற்கு முன்னால், சின்னம்மாவுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். தண்ணீர் குடித்து முடித்ததும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சின்னம்மா ஒருதரம் நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துத் துப்பியிருக்கிறாள். யார் கண்ணிலும் படக்கூடாது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நான் கேட்டேன். யாரும் கேட்காதபடி நடந்துகொள் என்றாள் அம்மா. இதைவிட நல்ல யோசனை அவளிடமும் இல்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

சின்னம்மாவுக்கு என்ன என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசிரியர் பயிற்சிக்குத் திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள், பாதியில் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். பயந்துபோய் வந்திருக்கிறாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் எழுதும் கடிதங்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரோ உரக்கப் படிக்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலும் அந்தச் சத்தம் அவளை விடவில்லை. காதில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனார்கள், கயிறு கட்டினார்கள், நேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்து, இந்த மாத்திரையோடு திரும்பி வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், பேச்சு மெதுவாகியிருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் போய்விட்டார்கள்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது, கல்யாணம் செய்யலாம், மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று அந்த டாக்டர் சொன்னாராம். சொல்லிவிடலாம் என்றார் நைனா, என் அப்பா. ஒரு குழந்தை பிறக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. சின்னம்மா என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகமில்லை. அவளைக் கேட்டார்களா என்பதே எனக்குத் தெரியாது. மாதா படத்துக்கு முன்னால் நிற்கவைத்து, வாய் திறக்க மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கினார்கள். அது மட்டும் ஞாபகமிருக்கிறது, ஏனென்றால் அடுத்தாற்போல் என்னிடமும் வாங்கினார்கள்.

செஞ்சியில் அவர்கள் வீடு பஸ் நிறுத்தத்திலிருந்து கோட்டைப் பக்கம் போகும் தெருவில் இருந்தது. புழக்கடைக் கதவைத் திறந்தால் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை தெரியும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள் பொழுது சாய்ந்ததும் மூச்சு விட ஆரம்பிக்கும். அந்தக் காற்று நேராக எங்கள் சமையலறைக்கு வரும். சித்தப்பா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது, பஞ்சர் ஒட்டுவது. ஒடிசலான மனிதர், வாய் ஓயாமல் பேசுவார். கடையில் அன்றைக்கு யார் யார் வந்தார்கள், எந்த வாத்தியார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார் என்று வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார். வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும்தான். அந்த அம்மாளை நான் ஆயா என்று கூப்பிட்டேன், ஆனால் அவளுக்குத் தலை நரைத்திருக்கவில்லை. கணவரைச் சீக்கிரம் பறிகொடுத்துவிட்டு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். உயரமாக இருப்பாள், வேகமாக நடப்பாள், எந்தப் பொருளையும் இரண்டாம்தரம் தேட மாட்டாள். கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு இருந்த பெரிய சங்கடம். கெட்டவளாக இருந்திருந்தால் அவளிடம் ஒளிப்பது இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

முதல் பத்து நாள் நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். விளக்கு வைத்ததும் சின்னம்மா கால் கழுவப் புழக்கடைக்குப் போவாள். நான் ஒரு தம்ளர் தண்ணீரோடு பின்னாலேயே போவேன். மாத்திரையை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே போவதால் வேர்வையில் சாயம் ஒட்டிக்கொள்ளும். சின்னம்மா வாங்கி விழுங்கிவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒன்பது வயதுப் பெண்ணிடம் வாயைத் திறந்து காட்டுவது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததில்லை. நான் உள்ளே எட்டிப் பார்த்து, சரி என்பேன்.

செபமாலைக்கு முழங்காலில் நிற்கும்போதே அவளுக்குக் கண் சொருகும். அவள் முறை வரும்போது சத்தம் வராது. நான் இடிப்பேன். திடுக்கிட்டு நடுவிலிருந்து ஆரம்பிப்பாள். ஆயா கண்ணை மூடியபடியே செபத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவாள், ஆனால் குரல் கொஞ்சம் உயரும். சித்தப்பா கடையைச் சாத்திவிட்டு வருவதற்குள் சின்னம்மா சாப்பிட்டுப் படுத்திருப்பாள். அவர் வாத்தியார் வாய்க்காலில் விழுந்த கதையை எனக்கும் ஆயாவுக்கும் நடித்துக் காட்டுவார், கண் மட்டும் உள் அறைப் பக்கம் போய்ப் போய் வரும். விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் சின்னம்மா எழுந்திருப்பாள். ஆயா அதற்குள் பால் வாங்கி, அடுப்பு மூட்டி, பாதிச் சமையலை முடித்திருப்பாள். சின்னம்மா காபி கொண்டுவந்தால் தம்ளர் டபராவில் மோதிக் கடகடவென்று சத்தம் போடும், அவள் கை அப்படி நடுங்கும். ஒருநாள் மாடியில் வடகம் காயவைத்துவிட்டுக் காவல் உட்கார்ந்தாள். ஒரு காலைப் பொழுது வெயிலுக்கே முகமும் முன்கையும் சிவந்து, மறுநாள் கருத்து, தோல் உரிந்தது. ஆயா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். தடவிக்கொண்டே, இந்த ஊரில் எல்லாரும்தான் வெயிலில் நிற்கிறார்கள், யாருக்கும் இப்படி ஆனதில்லையே என்றாள். திட்டுவது போலச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பது போலச் சொன்னாள். எனக்கு அது திட்டைவிடப் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் காலையில் ஆயா வீட்டில் பல்பொடி தீர்ந்துபோயிற்று.

நான் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது ஆயா என் துணிப் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு, டப்பாவின் மூடியை ஒரு கையிலும் டப்பாவை இன்னொரு கையிலும் பிடித்தபடி நின்றாள். சித்தப்பா கடைக்குப் போயிருந்தார். சின்னம்மா அப்போதுதான் எழுந்து வாசற்படியில் நின்றாள்; அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னா மாத்திரை இது?" என்றாள் ஆயா. என்னைக் கேட்டுவிட்டு, பார்த்தது சின்னம்மாவின் வயிற்றை. "பிள்ளை பெத்துக்காம இருக்கறதுக்கு இப்ப என்னென்னமோ வந்திருக்குதாமே. அதுவா?"

எனக்கு அந்தக் கேள்வியின் பொருள் புரியவில்லை. ஆனால் சின்னம்மா வாய் திறக்கப் போகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. மாதா படமும் சத்தியமும் நினைவுக்கு வந்தன. அவளுக்கு முன்னால் நான் திறந்தேன். "அது எனக்கு ஆயா. பூச்சி மாத்திரை. எனக்கு வயித்துல பூச்சி."

ஆயா டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

"அப்ப போடு. நான் பாக்கறேன்."

சின்னம்மா ஓரடி முன்னால் வந்தாள். நான் அதற்குள் வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டேன். மேல்பூச்சு இனிப்பாக இருந்தது. யாரும் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினேன், பழக்கதோஷம். ஆயாவின் முகம் இளகிவிட்டது. டப்பாவை மூடி என் பையில் அவளே வைத்தாள். தான் நினைத்ததற்காக வெட்கப்பட்டவள் போல, இந்த வெயிலில் பூச்சி மாத்திரை தின்றால் உடம்பு சூடாகும் என்று மோர் கொண்டுவரப் போனாள்.

மோர் குடித்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் எனக்குக் கால் துணியாகிவிட்டது. பாயில் உட்கார்ந்தது தெரியும், சாய்ந்தது தெரியாது. அதற்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் ஞாபகம். யாரோ கன்னத்தில் தட்டினார்கள். சித்தப்பாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. நாக்கு வாய்க்குள் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. ஒருதரம் எழுந்து நிற்கப் பார்த்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆயா பிடித்துக்கொண்டாள், பூச்சி மாத்திரைச் சூடுதான் என்றாள். மறுநாள் மத்தியானம்தான் ஒழுங்காக விழித்தேன். ஒரு மாம்பழத்தை நறுக்கிக் கொடுத்தார்கள். எவ்வளவு மென்றும் எந்த ருசியும் வரவில்லை. அதைவிட விநோதம் ஒன்று இருந்தது. நான் பொய் சொன்னது நன்றாக ஞாபகமிருந்தது. புதுநன்மை என்று கோயிலில் முதல் அப்பம் வாங்கி நாலு மாதம்கூட ஆகாதவள், பொய்க்குப் பயப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை. அது இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க முடிந்தது, அது அங்கே இல்லை.

அந்த ஒன்றரை நாளும் சின்னம்மா என் பக்கத்தை விட்டு நகரவில்லையாம். நான் விழித்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. ஆயா மாடிக்குப் போன நேரம் பார்த்து, தினமும் உனக்கு இப்படித்தான் இருக்குமா என்று கேட்டேன்.

"பழகிடும். ஆனா இப்படித்தான்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எடுத்துக்கிட்டு வராத. நான் இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்றாள்.

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் நானே தின்று பார்த்துவிட்டவள். அந்த மாத்திரையைப் பற்றி அம்மாவைவிடவும் டாக்டரைவிடவும் எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்தேன். கால் துணியாவதும், மாம்பழம் ருசிக்காமல் போவதும், கை நடுங்குவதும், புருஷன் வருவதற்குள் தூங்கிப்போவதும் எதற்காக? சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லையே. அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு மாத்திரையை எடுத்து, புழக்கடைச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். டப்பாவில் மாத்திரை குறைந்துகொண்டே வர வேண்டுமே. பொய்யைக்கூட நான் ஒழுங்காகத்தான் செய்தேன்.

அடுத்து வந்த நாட்கள்தான் அந்த வீட்டின் நல்ல நாட்கள். ஒரு வாரத்துக்குள் சின்னம்மாவின் கை நடுக்கம் நின்றுவிட்டது. ஊசியில் அவளே நூல் கோத்து, ஆயாவின் ரவிக்கைக்குக் கை தைத்துக் கொடுத்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து பால் வாங்கினாள். செபமாலையில் அவள் முறை வரும்போது குரல் கணீரென்று வந்தது. சித்தப்பா கதை சொன்னால் இவள் எதிர்க்கதை சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி ஆயா தலையில் தட்ட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு விடியற்காலையில் எங்கள் இருவரையும் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறுவதற்குள் செட்டிக்குளத்துப் படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். சின்னம்மா படியிறங்கித் தண்ணீரில் கால் அளைந்துகொண்டிருந்தாள். சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உன் சின்னம்மா முதல் பத்து நாள் எங்கே போயிருந்தாள் என்று என்னிடம் கேட்டார். தமாஷாகத்தான் கேட்டார். நான் இட்லிப் பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தேன்.

அம்மா ஒருதரம் பலகாரத் தூக்கோடு வந்து பார்த்தாள். தங்கை கலகலவென்று இருப்பதைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. என்னைத் தனியே அழைத்து, தவறாமல் கொடுக்கிறாயா என்று கேட்டாள். கொடுக்கிறேன் என்றேன். டப்பாவைத் திறந்து பார்த்தாள். திருப்தியாக என் தலையைத் தடவி, நீதான் என் தங்கையைக் காப்பாற்றுகிறாய் என்றாள். அன்று சனிக்கிழமை, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் நாள். போனால் சாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் சத்தியத்தை மீறினதாகும். சொல்லாமல் மறுநாள் நன்மை வாங்கினால் அதைவிடப் பெரிய பாவம். எனக்கு வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பூச்சி இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று ஆயா கவலைப்பட்டாள்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, சரியாகச் சொல்லத் தெரியவில்லை, சின்னம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தவள், குடத்தை இறக்கியதும் என்னைப் புழக்கடைக்குக் கூப்பிட்டாள். குழாயடியில் பெண்கள் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். சாக்கடையில் போட்டதை யாராவது பார்த்துவிட்டார்களா? பக்கத்து வீட்டுக்காரி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாள், எனக்கே சந்தேகம் இருந்தது. அன்றிலிருந்து நானும் அவளும் சேர்ந்து காவல் காத்தோம். தெருவில் யாராவது நின்று பேசினால் இருவரும் ஜன்னல் ஓரத்தில் காது கொடுப்போம். ஆயா பாத்திரக்காரியோடு பேசும்போது எங்கள் இருவர் முகமும் ஒன்றுபோல வெளிறும். பாத்திரக்காரிக்குத் தெரிஞ்சிடுச்சு என்று சின்னம்மா கிசுகிசுப்பாள். தெரிந்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றும். சித்தப்பா கடையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தத்தில்கூட ஒரு சேதி இருக்கிறது என்று அவள் சொன்னபோதுதான் எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. அதையும் நான் மறுக்கவில்லை. பெரியவளுக்கு என்னைவிட நன்றாகக் காது கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் ஆயா கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். குழம்பில் மாத்திரையைப் பொடித்துப் போடுகிறார்கள் என்றாள். மீதி மாத்திரை எல்லாம் என் பையில்தான் இருக்கிறது என்று டப்பாவைத் திறந்து காட்டினேன். அவள் டப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நீயும் அவங்க பக்கம் போயிட்டியா என்பது போன்ற பார்வை. அன்றைக்குத்தான் முதல்முதலாக அவளைக் கண்டே எனக்குப் பயம் வந்தது. அந்தச் சாயங்காலம் ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தம்ளரைத் தட்டிவிட்டாள். சித்தப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் அவர் பின்னாலேயே சுற்றினேன். அவரோ இவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானும் வாடிப்போய், அம்மா வீட்டு ஏக்கமா என்று என்னிடமே கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்களில் அது எத்தனையாவது என்று எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்துகொண்டிருந்தபோது சின்னம்மா எழுந்து வெளியே போனாள். பெண்கள் பக்கத்தில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று ஆயா நினைத்தாள். பூசை முடிந்து வெளியே வந்தால் அவளுடைய செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. வீட்டில் இல்லை. கடைத்தெருவில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் யாரும் பார்க்கவில்லை. திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைப் பக்கம் ஒரு பெண் வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனதாக ஒரு வண்டிக்காரர் சொன்னார். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வேட்டியோடு சைக்கிளில் ஏறினார். நான் கேட்காமலே முன்கம்பியில் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பாறைகளைப் பார்க்கவே கண் கூசியது.

செட்டிக்குளத்தில் அவள் இருந்தாள். படியில் இல்லை, தண்ணீருக்குள். மார்பளவு ஆழத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு படி இறங்கினால் ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாத குளம் அது. அவர் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு இறங்கினார். அவர் இறங்கின சத்தத்தில் அவள் இன்னும் ஓரடி உள்ளே போனாள். தண்ணீர் தோளுக்கு வந்தது.

நான் கரையிலிருந்து கத்தினேன். "மாத்திரை கொடுக்கல சித்தப்பா. நான்தான் கொடுக்கல."

அவர் திரும்பினார். "எந்த மாத்திரை?"

குளக்கரையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பல்பொடி டப்பா, சாக்கடை, பட்டணத்து ஆஸ்பத்திரி, மாதா படம், எல்லாம். அழுதுகொண்டே சொன்னதில் எது முன்னால் எது பின்னால் என்று இருந்திருக்காது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் அவள் பக்கம் திரும்பி, கிட்டே போகாமல், நின்ற இடத்திலிருந்தே, யார் பேசுகிறார்கள் என்று கேட்டார்.

"ஊரே பேசுது" என்றாள் சின்னம்மா. "தண்ணிக்குள்ள நின்னா கொஞ்சம் கம்மியா கேக்குது."

"சரி. நானும் நிக்கறேன்" என்றார்.

நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. படியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலையில் வெயில் சுட்டுச் சுட்டுப் பிறகு சுடுவதே தெரியாமல் போயிற்று. அவர் கதை எதுவும் சொல்லவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. ஒவ்வொரு தரமும் ஒரு விரற்கடை நகர்ந்து நகர்ந்து கடைசியில் அவள் பக்கத்தில் போய்விட்டிருந்தார். அவளுக்குப் பல் கிட்டிப்போய் உடம்பு நடுங்க ஆரம்பித்தபோது, முழங்கையைப் பிடித்துப் படிக்குக் கொண்டுவந்தார். அவளுடைய பாதத்தில் தோல் கொப்புளித்து வெள்ளையாகத் தொங்கியது. அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து, அவர் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னால் நடந்தேன்.

அன்று சாயங்காலமே வல்லத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு ஆயா ஒன்றுதான் கேட்டாள். பைத்தியம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் பெண் எடுத்திருக்க மாட்டோம், அது நிஜம்தான், ஆனால் சொல்லாததால் என் கையால் இந்தச் சின்னப் பிள்ளை வாயில் அந்த மாத்திரையைப் போட வைத்தீர்களே என்றாள். அதற்குத்தான் அவள் அழுதாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நைனா மறுநாள் சின்னம்மாவைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு எதையாவது எடுக்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் பரிகாரமாக மூன்று மந்திரம் சொல்லச் சொன்னார். நான் செய்ததற்கு மூன்று போதாது, அவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று முடிவு செய்து முப்பது சொன்னேன்.

சின்னம்மா இரண்டு மாதம் கழித்து வந்தாள். பருத்து, மெதுவாக, கை நடுங்க. மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம், சித்தப்பா செஞ்சியிலிருந்து சைக்கிளிலேயே வந்து இறங்கினார். பெரியவர்கள் அவரை உட்காரவைத்துப் பேச ஆரம்பிப்பதற்குள் சின்னம்மா உள்ளேயிருந்து வந்து அவர் எதிரில் நின்றாள். அவள் அப்படி வந்து நின்றதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"உங்க வீட்ல, உங்க அம்மா எதிர்ல, தண்ணி வாங்கிக் குடிச்சு மாத்திரை போட்டுக்குவேன்" என்றாள். "ஒளிச்சு வச்சுத் தின்ன என்னால ஆகாது. அது ஆகும்னா வரேன்."

"தூங்கிடுவியே" என்றார் சித்தப்பா.

"தூங்கிடுவேன். கை நடுங்கும். வெயில்ல நிக்க முடியாது. நிறுத்திட்டா என்ன ஆகும்னு நீங்க பாத்துட்டீங்க."

அவர் தன் அம்மாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வர மாட்டார் என்றாள் அம்மா. ஒரு வாரம் கழித்து வந்தார், ஆயாவும் கூட வந்தாள். ஆயா உட்காரக்கூட இல்லை. காலையில் பால் நான் வாங்கிக்கொள்கிறேன், நீ தூங்கு, எட்டு மணிக்கு எழுந்து வந்தால் போதும் என்றாள். எங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, சின்னம்மாவைப் பார்த்துச் சொன்னாள். எங்களோடு அவள் சரியாகப் பேச இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. ஒருதரம் குழந்தை உண்டானபோதும், ஒருதரம் காரணமே இல்லாமலும் சின்னம்மா மாத்திரையை நிறுத்தினாள். இரண்டு தரமும் பட்டணத்துக்குப் போய்த்தான் திரும்பினாள். ஆனால் இரண்டு தரமும் நிறுத்துகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, சண்டை போட்டுத்தான் நிறுத்தினாள்.

ஆயாவும் சித்தப்பாவும் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போன அந்த நாளுக்கு வருகிறேன். பொழுது சாய்கிற நேரம். செஞ்சி பஸ் வல்லத்தில் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார். நானும் கூட வருகிறேன், இந்தத் தடவை ஒழுங்காகக் கொடுப்பேன் என்று துணிப் பையோடு வந்து நின்றேன். வேண்டாம் என்று சின்னம்மாவே சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸைச் சுற்றி எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சின்னம்மா சித்தப்பாவிடம் தண்ணீர் கேட்டாள். அவர் டீக்கடையிலிருந்து ஒரு தம்ளர் வாங்கிவந்தார். அவள் புடவை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்தாள். அத்தனை பேருக்கு நடுவில்.

நான் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்று, பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மறைத்தேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று நாலு பக்கமும் பார்த்தேன். சின்னம்மா என் தோளைப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். என் மேல் அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.